மாடு பார்க்கப் போனவர்

பால்வண்ணநாதன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் நாலு வீட்டிலாவது கதவு சாத்தப்படும். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டை ஜெயிலில் வார்டராக இருந்து, மீசையோடும் முழங்கால் வலியோடும் ஓய்வு பெற்று வந்த மனிதர். தன்னைக் கண்டு ஆட்கள் ஒதுங்குவது அவருக்குப் பழகிப்போன காரியம். உடுப்பைக் கழற்றிய பிறகும் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று யோசிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

வாய்க்காததற்குக் காரணம் சங்கம். தென்காசியில் நாலைந்து வக்கீல்களும் மிராசுதார்களும் சேர்ந்து, சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு ஒத்தாசை செய்ய ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். வெளியூர் அதிகாரி யாராவது வந்தால் மாலை போடுவார்கள். குற்றவாளியும் மனிதப் பிறவிதான் என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு, சோடா குடித்துவிட்டுக் கலைவார்கள். மீதி வருஷம் முழுக்கச் சங்கம் என்பது பால்வண்ணநாதனும் அவருடைய குடையும்தான்.

தாலுகா கச்சேரியை ஒட்டிய சப்-ஜெயிலுக்குப் பெரிய ஆட்கள் வருவதில்லை. கொலை, கொள்ளை எல்லாம் பாளையங்கோட்டைக்குப் போய்விடும். இங்கே வருகிறவர்களுக்குப் பத்து நாள், இருபது நாள், மிஞ்சினால் ஒரு மாசம். மலையில் மரம் வெட்டினவன், கள்ளுக்கடை வாசலில் அடுத்தவன் மண்டையை உடைத்தவன், இப்படி. ஜப்பான் சண்டை வந்து பர்மா அரிசி நின்றுபோன பிறகு அரிசிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை; தென்காசியிலிருந்து ஓர் எட்டில் போய்விடலாம். அங்கே ஜனங்கள் மரச்சீனிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டினார்கள். இங்கேயிருந்து ஒரு மணி அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. பெண்கள் இடுப்பைச் சுற்றித் துணியில் அரிசியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போலக் கையை இடுப்பில் ஊன்றி நடந்து போனார்கள். அகப்பட்டால் ஒரு மாசம்.

ஒரு மாசம்தானே என்று வக்கீல்கள் சொல்வார்கள். கேட்டால் பால்வண்ணநாதனுக்கு எரிச்சல் வரும். பத்து வருஷம் உள்ளே போனவனை ஊர் மறந்துவிடும். அவன் வீடும் அவனில்லாமல் வாழப் பழகிவிடும். ஒரு மாசத்துக்காரனை யாரும் மறப்பதில்லை. பார்த்த வேலை போயிருக்கும், வளர்த்த ஆடு போயிருக்கும், பெயரும் போயிருக்கும், ஆள் மட்டும் திரும்பி வந்து வாசலில் நிற்பான். தண்டனை என்று பார்த்தால் ஒரு மாசம் கொஞ்சம்தான். ஒரு குடும்பம் சீரழிய அது தாராளம்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. விடுதலை நாளன்று காலையில் நல்லெண்ணெய்க் குப்பியும் சீயக்காய்ப் பொட்டலமுமாக ஜெயில் வாசலில் நிற்பார். வெளியே வருகிற ஆளை நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப் போவார். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய் வந்தவர்கள்கூடக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவன் எப்படி நுழைவது? அருவியில் தலை நனைத்து, வயிறு நிறையச் சாப்பிட வைத்து, வீட்டு வாசல் வரைக்கும் கூடவே நடந்து போய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

இதோடு இன்னொன்றையும் அவராகவே சேர்த்துக்கொண்டார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவனை அப்படிக் கூட்டிப் போய் வீட்டில் விட்டபோது, உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள், பிள்ளை இருமுவது கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. உச்சிவெயில் வரைக்கும் நின்றுவிட்டு அவன் திரும்பி நடந்து சப்-ஜெயில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். உள்ளே விடச் சொல்லிக் கேட்டான். வார்டர் வேலை பார்த்த காலத்தில் அழாத பால்வண்ணநாதன் அன்றைக்கு அழுதுவிட்டார். அதிலிருந்து, விடுதலைக்கு முந்தின நாளே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவார். நாளைக்கு ஆள் வருது, வாசலில் வைத்து ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது, உலையில் ஏதாவது கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. சங்கத்து வக்கீல்கள் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை அல்லவா அது.

அப்படித்தான் ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் குத்துக்கல்வலசைக்குப் போனார். மாரித்தாய் என்கிற அரிசிக்காரிக்கு மறுநாள் விடுதலை. புருஷன் இல்லாதவள். வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது மகள் மட்டும்தான் இருந்தாள். பேர் தங்கத்தாய், கல்யாண வயசு. அவர் தன் வழக்கமான பேச்சைப் பேசினார். அந்தப் பெண் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்று கேட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு பொம்பளைத் தலை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. பால்வண்ணநாதன் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பினார்.

புதன்கிழமை காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜெயில் கதவு திறந்து மாரித்தாய் வெளியே வந்தாள். நாற்பது வயசு இருக்கும். துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, குடையோடு நின்றவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சங்கத்து அண்ணாச்சிதான? உள்ள சொன்னாவ, நீங்க வருவியன்னு."

"ஆமா தாயி. குத்தாலத்துக்குப் போயிக் குளிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."

"குளிக்கணும். குளிக்காமப் போகப்படாது, அதுவும் இன்னைக்கு. ஆனா நீங்க முன்னால நடங்க. நான் பின்னால தள்ளி வாரேன். வழியில எங்கூடப் பேசாதிய."

கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். முதல் நாளில் எல்லாருமே கூச்சப்படுவார்கள். அவர் முன்னால் நடந்தார். ஒரு வண்டி தூரம் தள்ளி அவள் வந்தாள். எதிரே வந்த ஒரு வண்டிக்காரன் அவரைப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிறவளையும் பார்த்துவிட்டு, மாட்டை அதட்டிக்கொண்டு போனான். பால்வண்ணநாதனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

குற்றாலத்தில் சீசன் களை கட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் பழம் விற்கிறவர்களும் நனைந்த வேட்டியோடு திரிகிறவர்களுமாக ஒரே சந்தடி. பெண்கள் பக்கம் போய் மாரித்தாய் வெகுநேரம் குளித்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. எண்ணெய்யாலா அழுகையாலா என்று அவர் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடமாக உட்கார்ந்துகொண்டு, அவர் வாங்கிக் கொடுத்த அவித்த மரச்சீனிக்கிழங்கைத் தின்றாள். அரிசி எங்கேயும் கிடைக்கவில்லை.

"இனிமே நான் தனியாப் போயிக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க வரப்படாது."

"வாசல் வரைக்கும் வந்து விடுதது சங்கத்து வழக்கம்லா."

"அதனாலதான் சொல்லுதேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எம் மவளுக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்கு. சிவகிரிக்காரவ. பையன் பட்டாளத்துல இருக்கான். இன்னைக்குச் சாயந்தரம் பையனோட அப்பாரு வந்து நாள் குறிக்காரு. இன்னைக்கு வருவாவன்னு முன்னமே பேசி வச்சது. நான் ஜெயிலுக்குப் போனது ஊருல ஒரு காக்கா குருவிக்குத் தெரியாது. கடையத்துல தங்கச்சிக்குப் பேறுகாலம், பாக்கப் போறேன்னு பக்கத்து வீட்டுல ஆளு விட்டுச் சொல்லிட்டேன். எம் மவளுக்கே அப்பிடித்தான் தெரியும். சாயந்தரத்துக்கு முன்ன விட்டானேன்னு இசக்கியம்மனக் கும்பிட்டுட்டுத்தான் வெளிய வந்தேன்."

பால்வண்ணநாதன் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

நேற்றுச் சாயந்தரம் குத்துக்கல்வலசைத் தெருவில் வீடு கேட்டுப் போனது, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த தலை, அந்தப் பெண்ணின் வெளுத்த முகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இவள் சிரித்த முகத்தோடு தெருவுக்குள் போய் நிற்பாளே என்று நினைத்தபோது அது முடியவில்லை.

"தாயி, நான் நேத்தே ஒன் வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"எப்பம்?"

"சாயந்தரம்."

"யாரு பாத்தா?"

"மவதான் இருந்தா. அடுத்த வீட்டுல ஒரு அம்மா எட்டிப் பாத்தா."

"பிச்சம்மா. போதும். அவ ஒருத்தி போதும்." கையை மடியில் துடைத்துக்கொண்டாள். "எம் மவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி கொடுத்தா."

அருவிச் சத்தத்தில் ஜனங்களின் கூச்சல் எழுந்து அமுங்கிக்கொண்டிருந்தது.

"நல்லதுக்குத்தான் போனேன்," என்றார் பால்வண்ணநாதன். சொல்லும்போதே அது எதற்கும் உதவாத பேச்சு என்று அவருக்கே தெரிந்தது.

"நீங்க நல்லவருதான். யாரு இல்லன்னா? ஆனா நீங்க ஒரு வீட்டுக்குப் போனா அந்த வீட்டுல ஜெயிலுக்குப் போன ஆளு இருக்குன்னு ஊருக்கே தெரியும்லா. நீங்க வேற எதுக்கும் ஒரு வீட்டுக்குப் போனதா யாரும் பாத்ததில்ல. உங்களுக்கு வேற சோலியே கெடையாதா அண்ணாச்சி? கல்யாணம், சடங்குன்னு எங்கயும் போறதில்லயா?"

கோபத்தில் கேட்கவில்லை அவள். வேறு காரணம் ஒன்று கிடைக்குமா என்று தேடித்தான் கேட்டாள். பால்வண்ணநாதனும் தேடினார். கடைசியாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனோம்? மைத்துனன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு தபாலில் வந்தது, அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு. மனைவி சொக்கம்மாள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். சண்டைக் காலம், தபால் தாமதம் என்று அவர்தான் சமாதானம் சொன்னார். பக்கத்துத் தெருவில் நடந்த வளைகாப்புக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. அதற்கு என்ன சமாதானம் சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. சாத்திய கதவுகள் எல்லாம் எதற்காகச் சாத்தப்பட்டன என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

"மாடு," என்றாள் மாரித்தாய் திடீரென்று.

"என்ன மாடு?"

"வீட்டுல ஒரு கெடேரி நிக்குது. மாடு பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிருங்க. நேத்து வந்து பாத்திய, புடிச்சிருந்துச்சி, இன்னைக்குக் கயித்தோட வந்து ஓட்டிட்டுப் போறிய. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து கட்டிருங்க."

"எனக்கு மாடு பாக்கத் தெரியாதே தாயி."

"இத்தன வருசம் ஆளு பாத்தியள்லா. மாட்டையும் அப்பிடிப் பாருங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சம்பந்தி மட்டும் வேற மாதிரி ஆளா இருந்தா நானே உள்ளதச் சொல்லிருவேன் அண்ணாச்சி. நாலு படி அரிசிதான, யாரையும் கொல்லலியே. ஆனா அவரு வாயத் தொறந்தா மானம் மருவாதிதான். எங்க குடும்பத்துல போலீஸ்காரன் நிழலுகூட விழுந்ததில்லன்னு மொத நாளே சொன்னாரு. சங்கிலிப்பாண்டின்னு பேரு. சிவகிரிப் பக்கம் கேட்டுப் பாருங்க, பெரிய மானஸ்தர்."

சிவகிரிச் சங்கிலிப்பாண்டியை அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சண்டைக்கு முன்னால் ஒரு சீசனில் குற்றாலத்து பங்களா ஒன்றுக்குக் காவல் வேலைக்கு வந்த ஆள். சர்க்கார் காட்டில் ஒரு தேக்கு மரத்தை வெட்டி விற்கப் போய் மூன்று வாரம் உள்ளே இருந்தவர். விடுதலையானபோது இதே அருவியில் குளிக்க வைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தவர் பால்வண்ணநாதன்தான். முந்தின நாள் வீட்டுக்குப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. சங்கிலிப்பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் எல்லாரும் நான் சீசன் வேலையில் இருக்கிறதாக நினைக்கிறார்கள், தெரிந்தால் நாண்டுகொண்டு செத்துப்போவேன் என்று அழுதார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார் பால்வண்ணநாதன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை தென்காசிச் சந்தையில் எதிரே பார்த்திருக்கிறார். சங்கிலிப்பாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஆள் நன்றாக இருக்கிறான், அது போதும் என்று இவரும் போய்விடுவார்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் சம்பந்தியும் உன்னைப் போலத்தான் தாயி, பயப்படாதே என்றால் இவள் நெஞ்சில் இருக்கிற பாறை இறங்கிவிடும். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். ஒருத்தர் கதையை இன்னொருத்தரிடம் சொல்லாதவர் என்பதைத் தவிர அவரிடம் வேறென்ன இருக்கிறது? அதையும் விட்டுவிட்டால் ஊர் அவருக்குக் கதவைச் சாத்துவது நியாயமாகிவிடும்.

"கயித்தோட வாரேன்," என்றார்.

மாரித்தாய் வேறு வழியாக முன்னே போனாள், கடையத்திலிருந்து வருகிறவள் மாதிரி. பிற்பகல் சாய்ந்த பிறகு பால்வண்ணநாதன் ஒரு புதுக் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குத்துக்கல்வலசைத் தெருவுக்குள் நுழைந்தார். ஜெயிலில் எத்தனையோ போக்கிரிகளை ஒற்றை ஆளாகச் சமாளித்தவர். இந்தத் தெருவில் கயிற்றைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே நடந்தார்.

பிச்சம்மாள் சுவரோரம் தயாராக நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி. நேத்தும் வந்தியள்லா. எங்க தெருவுல யாருக்கு விடுதல?"

"விடுதலையும் இல்ல ஒண்ணும் இல்ல. மாடு பாக்க வந்தேன்."

"மாடா?" பிச்சம்மாள் கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மாட்டுக்கு எத்தன பல்லு?"

மாட்டுக்குப் பல் உண்டு என்கிற வரைக்கும் பால்வண்ணநாதனுக்குத் தெரியும். அதற்கு மேலே அவர் விழித்தார். தொழுவத்துப் பக்கமிருந்து தங்கத்தாய் குரல் கொடுத்தாள்.

"நேத்தே வாயப் புடிச்சுப் பாத்துட்டாவ சித்தி. ரெண்டு பல்லு, சுழி சுத்தம், ஆனா கொம்புதான் கொஞ்சம் சாஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாவ. அம்மா கடையத்துல இருந்து வந்த பொறவு சொல்லுதேன்னு அனுப்பிட்டேன்."

எத்தனை சுத்தமான பொய். வாசலில் நின்ற மாரித்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்காமல் கிடேரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாட்டுப் பேச்சைத் தான் இவளிடம் இன்னும் எடுக்கவே இல்லை, நேற்று விஷயம் தெரிந்ததிலிருந்து ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்து இந்தப் பொய்யைச் செய்து வைத்திருக்கிறாள் என்று தாய்க்கு விளங்கியபோது அவள் முகம் கோணியது. தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வெள்ளை வேட்டிகள் தெரிந்தன. பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்து இறங்கிய புகைக் கறுப்போடு சங்கிலிப்பாண்டி வந்தார். கூட இரண்டு பங்காளிகள். கையில் வெற்றிலைத் தட்டு. முற்றத்துக்குள் காலை வைத்தவர், கயிற்றோடு நிற்கிற ஆளைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார்.

பயம் என்றால் எப்படி இருக்கும் என்று பால்வண்ணநாதனுக்குத் தெரியும். அதைப் பார்ப்பதுதான் அவர் வாழ்நாள் உத்தியோகம். சங்கிலிப்பாண்டியின் முகத்தில் இருந்தது அசல் பயம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறான், நாள் குறிக்கிற வேளை பார்த்து வந்திருக்கிறான் என்று அந்த முகம் சொல்லியது. மாரித்தாயின் வீட்டில் ஏதாவது இருக்குமோ என்கிற சந்தேகம் அதில் எள்ளளவும் இல்லை. தன் பயத்துக்கே அவருக்கு இடம் பற்றவில்லை.

பங்காளிகளில் மூத்தவர் கண்ணைச் சுருக்கினார். "இவரு தென்காசிச் சங்கத்து ஆளுல்லா? ஜெயில்காரவளக் கூட்டிட்டுத் திரிவாரே. இங்கன இவருக்கு என்ன சோலி?"

"அதத்தான் நானும் கேக்கேன்," என்று பிச்சம்மாள் சுவரைத் தாண்டிக் கழுத்தை நீட்டினாள்.

மாரித்தாய் வாயைத் திறந்தாள். பால்வண்ணநாதனும் திறந்தார். அதற்குள் சங்கிலிப்பாண்டியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"மாடு புடிக்கல்லா வந்திருக்காவ. கையில கயிறு இருக்கு, தொழுவத்துல மாடு நிக்குது, பொறவு என்ன கேள்வி? அண்ணாச்சிய எனக்குச் சந்தையில வச்சு ரொம்ப நாளாப் பழக்கம். மாட்ட ஒரு பார்வை பாத்தாவன்னா போதும், அதுக்கு மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது."

மானஸ்தர் சொன்ன பிறகு பேச்சு ஏது? மூத்த பங்காளி தலையாட்டினார். பிச்சம்மாளின் தலை சுவருக்குக் கீழே இறங்கியது. சம்பந்தியே தன் வாயால் சொல்லிவிட்டாரே என்று மாரித்தாய் கண்கலங்கக் கும்பிட்டாள். உள்ளே பாய் விரித்தார்கள். ஆவணியில் நாள் குறித்தார்கள். பால்வண்ணநாதன் தொழுவத்தில் கிடேரியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார்.

பேச்சு முடிந்ததும் சங்கிலிப்பாண்டி வெளியே வந்தார். மாடு முரண்டு பிடிக்கும், தெருமுனை வரைக்கும் ஒரு கை கொடுக்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கிடேரி முரண்டு எதுவும் பிடிக்கவில்லை. இருவரும் அதற்கு இரண்டு பக்கமுமாக நடந்தார்கள்.

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலல்லா அண்ணாச்சி?"

"இல்லவே."

"அந்த அம்மா என்னவும் கேட்டாளா?"

"நீரு பெரிய மானஸ்தர்னு சொன்னா."

சங்கிலிப்பாண்டி பெருமூச்சு விட்டார். "நல்ல குடும்பம் அண்ணாச்சி. ஒரு கறை கெடையாது. இப்பிடி ஒரு எடத்துல என் கதை தெரிஞ்சா என் மவன் வாழ்க்க போச்சி. நெனச்சு நெனச்சு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

அவளும் உம்மைப் போலத்தான்வே என்று சொல்லத் துடித்தது பால்வண்ணநாதனின் நாக்கு. இரண்டு பேரையும் ஒரு பாயில் உட்கார வைத்து, நீயும் குளித்தாய், நீயும் குளித்தாய், போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னால் என்ன? ஆனால் எதிராளியும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்தால் மனிதர்கள் நிம்மதி அடைவார்கள் என்று அவருக்கு நிச்சயமில்லை. நம் வீட்டு ஜெயில் கறை ஒன்று போதும், இன்னொன்று வேண்டாம் என்று பாயைச் சுருட்டுகிறவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். அவர் கிடேரியின் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

தெருமுனையில் சங்கிலிப்பாண்டி நின்றார். கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"தப்பா நெனைக்கப்படாது. நீங்க எனக்குச் செஞ்சத நான் மறக்கல. ஆனா இனிமே இந்த ரெண்டு வீட்டுப் பக்கமும் வராதிய. ஒரு தடவ மாடு. மறு தடவ என்னத்தச் சொல்ல?"

"வரமாட்டேன்வே."

"கல்யாணத்துக்கும் கூப்பிட முடியாது."

"தெரியும். போயிட்டு வாரும். பையன் நல்லா இருக்கட்டும்."

மனதாரச் சொன்னார். சங்கிலிப்பாண்டி வேகமாகத் திரும்பிப் போனார், யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற நடை. சாரலில் நனைந்தபடி பால்வண்ணநாதன் கிடேரியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சொக்கம்மாள் மாட்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள். யாருடையது, எதற்கு என்று கேட்டாள். தெரிந்த ஆள் ஒருத்தருடையது, ஆவணி வரைக்கும் இங்கே நிற்கும் என்றார்.

"ஆவணி முடிஞ்சு யாரு கொண்டு விடுவா? நீங்க இந்த முழங்கால வச்சுக்கிட்டு நடக்கவா போறிய? யாராவது ஆளுட்டக் குடுத்து அனுப்புங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். மாட்டை ஓட்டிப் போகச் சொன்னால் தட்டாமல் போகிற ஆட்கள் ஊரில் அவருக்கு இருபது பேராவது உண்டு. இருபது பேரும் அவர் ஜெயில் வாசலிலிருந்து கூட்டி வந்தவர்கள். அதில் எவன் போய் அந்த வாசலில் நின்றாலும் பிச்சம்மாளுக்குத் தெரிந்துவிடும்.

"அது இங்கனயே நிக்கட்டும்," என்றார்.

சொக்கம்மாள் ஈரத்துண்டை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் இசக்கியப்பன் என்று ஒருவனுக்கு விடுதலை. விறகு வெட்டினவன், பெண்டாட்டி கோபக்காரி என்று உள்ளே சொல்லி அழுதிருந்தான். இருட்டுவதற்குள் மேலத்தெருவில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டிய நேரம் இது.

"மேலத்தெருவுக்குப் போகலியா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

பால்வண்ணநாதன் குடையை எடுத்தார். சுவரில் சாய்த்து வைத்தார். மறுபடியும் எடுத்தார். போனால் அந்தத் தெருவில் எத்தனை தலைகள் சுவருக்கு மேலே வரும் என்று இப்போது அவருக்குத் தெரியும். போகாவிட்டால் நாளைக்கு இசக்கியப்பன் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே எத்தனை நேரம் நிற்பான் என்று அவருக்குத் தெரியவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.